ஆச்சி எழுதிய உறுதி

என் கட்சிக்காரர் அவசரப்பட்டு வாங்கியவர் அல்லர். எல்கடுவப் பக்கத்துத் தேயிலைத் தோட்டமொன்றின் லயத்தில் பிறந்து, கட்டாரில் உழைத்துத் திரும்பியவர். ஹுனஸ் நீர்வீழ்ச்சி பார்க்க வருகிறவர்களுக்கு இரண்டு அறை கட்டி வாடகைக்கு விடலாம் என்று நாற்பது பேர்ச் காணி வாங்கினார். "எங்க பரம்பரையிலயே சொந்தக் காணினு இதுதான் சேர் முதல்ல" என்று என்னிடம் சொன்னார். மலையகத்தில் அந்தப் பேச்சின் கனம் எல்லோருக்கும் தெரியும். 1972-இல் தனியாரிடம் 50 ஏக்கருக்கு மேல் இருந்த காணியும், 1975-இல் கம்பனித் தோட்டங்களும் அரசிடம் போயின. லயத்தில் இருந்தவர்கள் லயத்திலேயே இருந்தார்கள்.

வாங்குமுன் காணிப் பதிவகத்தில் முப்பது வருடத்துக்குத் தேடிப் பார்த்திருந்தார். ஈடும் இல்லை, வழக்குப் பதிவும் இல்லை. அரசு அளிப்புக் காணியா என்றும் விசாரித்திருந்தார். 1935-ஆம் ஆண்டுக் காணி அபிவிருத்திக் கட்டளைச்சட்டத்தின் கீழ் கிடைத்த காணியைப் பிரதேச செயலாளரின் சம்மதமில்லாமல் விற்றால் அது செல்லாது. இது அப்படிப்பட்டதல்ல. சர்வேயர் வந்து கல்லும் நட்டாயிற்று. விற்றவர் ஒரு கண்டியச் சிங்கள இளைஞர். காணி அவருக்கு அவருடைய ஆச்சியிடமிருந்து நன்கொடை உறுதியில் வந்தது.

கட்டடம் கூரைமட்டம் வந்தபோது ஆச்சி ஒரு நொத்தாரிசிடம் போய் அந்த நன்கொடையை ரத்துச் செய்தார். ரத்து உறுதியைப் பதிந்துவிட்டு, காணியைத் தன்னிடம் ஒப்படைக்கக் கேட்டு மாத்தளை மாவட்ட நீதிமன்றத்தில் வழக்கும் தொடுத்தார். எதிராளியாக என் கட்சிக்காரர் அழைப்பாணையோடு என் முன் வந்து உட்கார்ந்தார்.

"காசு கொடுத்துத்தானே சேர் வாங்கினேன். அந்தம்மா எப்படித் திருப்பி எடுக்கலாம்?"

எடுக்கலாம். 1938-ஆம் ஆண்டின் 39-ஆம் இலக்கக் கண்டியச் சட்டக் கட்டளைச்சட்டப்படி, ஆச்சியைப் போலக் கண்டியச் சட்டத்துக்கு உட்பட்ட ஒருவர் கொடுத்த நன்கொடையைத் தம் வாழ்நாளில் எவருடைய சம்மதமும் இன்றி ரத்துச் செய்யலாம். இடையில் காணி வேறொருவருக்கு விலைப்பட்டிருப்பது அதற்குத் தடையல்ல. விதிவிலக்குகளும் உண்டு. விகாரைக்குக் கொடுத்த கொடை, நடக்கவிருக்கும் திருமணத்துக்கென்று எழுதி அந்தத் திருமணமும் நடந்துவிட்ட கொடை, மீளப்பெறும் உரிமையைத் துறப்பதாக வெளிப்படையாக எழுதப்பட்ட கொடை ஆகியவை அவற்றுள் சில.

மூன்று பக்கச் சிங்கள உறுதியை மேசையில் விரித்து ஒவ்வொரு வரியாகத் தமிழில் சொல்லிக்கொண்டு போனேன். எல்லைகள், வேலியோர மிளகுக்கொடி, தண்ணீர்ப் பாதை, "பேரன்மேல் உள்ள அன்பினால்" எல்லாம் இருந்தன. ஆச்சி உரிமையைத் துறக்கும் வாக்கியம் மட்டும் இல்லை. பதிவகப் பக்கத்தில் உறுதியின் சுருக்க விபரங்கள்தான் ஏறியிருக்கும். உறுதியின் உள்ளே இல்லாத வாக்கியத்தை அது எப்படிக் காட்டும்? யாழ்ப்பாணத்தில் பங்குக்காணி வாங்குகிறவர் தேசவழமையின் முன்வாங்கும் உரிமையைக் கேட்காமல் கைவைக்க மாட்டார். அதே கவனத்தோடு மாத்தளையில் விற்பவரின் சட்டத்தையும் நம்மவர்கள் கேட்க வேண்டும் என்பதில் எனக்குச் சந்தேகமே இல்லை.

இன்னொரு சிக்கலும் இருந்தது. முத்திரை வரி முதல் ஒரு லட்சத்துக்கு 3 வீதம், மிச்சத்துக்கு 4 வீதம். அதைக் குறைக்க, கொடுத்த விலையில் பாதியைத்தான் உறுதியில் எழுதியிருந்தார்கள். உரித்துக்குப் பொறுப்பு என்று பேரன் எழுதிக் கொடுத்ததை வைத்துப் பணத்தைத் திருப்பிக் கேட்க வழியுண்டு. ஆனால் உறுதியில் உள்ள தொகைக்கு மேல் ஒரு ரூபாயையும் நிறுவுவது பெரும்பாடு. கட்டடச் செலவுக்குச் சட்டம் இழப்பீடு தருகிறது. அதைக் கணக்குப் பார்த்து வாங்குவதற்குள் வருடங்கள் ஓடிவிடும். இந்த வழக்கை ஆடி வெல்ல முடியாது என்று கட்சிக்காரரிடம் நேரே சொன்னேன்.

மற்றத் தரப்புச் சட்டத்தரணியோடு பேசி, ஆச்சியை அவர் வீட்டிலேயே கண்டோம். என் கட்சிக்காரர்மேல் அவருக்குக் கோபம் இருக்கவில்லை. கடைசிவரை பார்த்துக்கொள்வதாகச் சொல்லித்தான் பேரன் காணியை எழுதி வாங்கினானாம். விற்ற காசோடு ஊரைவிட்டே போய்விட்டானாம். பேசிப் பேசி, ஆச்சியின் மருந்துச் செலவுக்கும் சீவியத்துக்கும் ஒரு தொகை என்று முடிவாயிற்று. சமரசத்தை நீதிமன்றத்தில் பதிந்தோம். பழைய கொடையைத் தைக்கப் பார்க்காமல், ஆச்சியே நேராக என் கட்சிக்காரருக்கு விற்பனை உறுதி எழுதிக் கொடுக்கவேண்டும் என்று நான் வற்புறுத்தினேன். அந்த ரத்துரிமை நன்கொடைக்குத்தான்; விலைக்கு விற்றதை ஆச்சி அப்படித் திரும்ப எடுக்க முடியாது.

அதன் பிறகு நன்கொடை வழியாக வந்த கண்டியக் காணியோடு யார் வந்தாலும், கொடுத்தவர் உயிரோடு இருக்கிறாரா என்றுதான் முதலில் கேட்கிறேன். இருந்தால், முற்பணம் கைமாறுமுன்பே அவரிடம் துறப்பு உறுதி வாங்கவேண்டும். பின்னால் தனி உறுதியாக எழுதினாலும் சட்டம் ஏற்கும். முற்பணத்துக்குச் சிலர் கடையில் வாங்கிய தாளில் ரசீது மட்டும் எழுதிக் கொள்கிறார்கள்; அது போதாது. 1840-ஆம் ஆண்டின் மோசடித் தடுப்புக் கட்டளைச்சட்டப்படி காணி விற்பனை உடன்படிக்கையும் நொத்தாரிசு முன்தான் எழுதப்படவேண்டும். அந்த ரசீதைக் காட்டிக் காணியை எழுதித் தரும்படி எவரையும் கட்டாயப்படுத்த முடியாது.

புதிய உறுதியில் ஆச்சிக்குக் கொடுத்த முழுத் தொகையையும் எழுதினோம். முத்திரை வரியைக் கண்டு கட்சிக்காரர் கொஞ்சம் தயங்கினார், பிறகு கட்டினார். இரண்டு உறுதிகள் மோதினால் முதலில் பதிந்தது முந்தும் என்பதால், மறுநாளே மாத்தளைப் பதிவகத்தில் அதைக் கொடுத்தேன்.