இடக்கரடக்கலும் ஒரு சிசுவின் உயிரும்

அவையில் சொல்லத் தகாதவற்றை மறைத்துச் சொல்லுதலை நம் இலக்கணிகள் இடக்கரடக்கல் என்றனர். நன்னூலார் அதனைத் தகுதி வழக்கினுள் அடக்கினார். தமிழார்வத்தோடு மருத்துவம் பயின்ற எனக்கு இது போற்றத்தக்க பண்பாகவே தோன்றிற்று. ஆயினும் அது ஓர் உயிரின் குறுக்கே நிற்கவுங்கூடும் என்பதை உணர்த்தியது, சிசுக்களைப் பற்றும் பித்தக்கான் அடைப்பு நோயாகும்.

பிறந்த சிசுக்கள் பலவற்றில் செங்கண்மாரி தோன்றி இரு வாரங்களுள் மறைவது இயல்பு. மறையாது நீடிப்பின் ஐயுறல் வேண்டும். ஈரலிலிருந்து குடலுக்குப் பித்தத்தைக் கொண்டுசெல்லும் கான்கள் அழற்சியுற்று அடைபடுவதே இந்நோய். பித்தம் குடலை அடையாமையால் மலம் களிமண்போல் வெளிறும். சிறுநீர் கடும் மஞ்சளாகும். குழந்தையோ பால் குடிக்கும், சிரிக்கும். அதுவே பெற்றோரை ஏமாற்றும். உள்ளே ஈரல் தழும்பேறி இறுகிக்கொண்டிருக்கும்.

நான் சிறுவர் விடுதியிற் பயின்ற காலத்தில் மூன்று மாதக் குழந்தையொன்றைக் கொண்டுவந்தனர். கண் மஞ்சளானதைத் தாய் தயங்காது கூறினாள். மலத்தின் நிறத்தை வைத்தியர் வினவியபோது தலை கவிழ்ந்தாள். “பால் குடிக்கிற பிள்ளைக்கு வெள்ளையாய்த்தான் போகுமெண்டு மாமி சொன்னவ, ஐயா” என்றாள் பின்னர். அதுவரை அவளிடம் அதனை எவரும் வினவியதில்லை.

இந்நோய்க்கு வழிகண்டவர் யப்பானியச் சத்திரசிகிச்சை நிபுணர் மோரியோ கசாய். அழிந்த கான்களை அகற்றி, சிறுகுடலின் ஒரு பகுதியை மேலே கொணர்ந்து ஈரலின் வாயிலோடு நேரே பொருத்தும் அவரது முறை 1959இல் வெளியாயிற்று. குருதியின் பிலிரூபினைப் பகுத்தறிந்தும், ஈரலின் சிறு துணுக்கை ஆராய்ந்தும் நோயை விரைந்து துணிந்து, 60 நாட்களுக்குள் இதனைச் செய்யின் பித்தம் மீண்டும் பாயும் வாய்ப்பு மிகுதி. தாழ்த்துந்தோறும் அது குறையும். பின்னர் ஈரல் மாற்றுச் சிகிச்சையே எஞ்சும். நான் கண்ட குழந்தைக்குச் சத்திரசிகிச்சை செய்தும் பித்தம் பாயவில்லை. தன் முதலாம் பிறந்தநாளை அது காணவில்லை.

தாய்வானில் 2004 முதல் நாடெங்கும் தாய்மாருக்கு மலநிற அட்டை வழங்கப்படுகிறது. யப்பானிலும் 2012இல் அது தாய்சேய் நலக் கையேட்டில் இடம்பெற்றது. சொல்லக் கூசும் தாயும் நிறத்தை விரலாற் சுட்டலாம். இதுவும் ஒருவகை இடக்கரடக்கலே எனலாம்.

நம் முன்னோர் சொல்லை மறைத்தனரேயன்றிப் பொருளை மறைக்கவில்லை. “கால் கழுவி வந்தேன்” என்றால் கேட்போர்க்குப் பொருள் விளங்கிற்று. ஆகவே, செங்கண்மாரி நீடிக்கும் சிசுவைக் காணும் வைத்தியரும் மருத்துவமாதும் உறவினரும் தாம் விரும்பும் எச்சொல்லாலேனும் அவ்வினாவைக் கேட்டுவிடுக. அணையாடையையும் தம் கண்ணாற் காண்க.