எந்தக் கல்லூரி?

பன்னிரண்டாம் வகுப்புத் தேர்வு முடிவுகள் வெளிவந்த நாள்முதல் நம் இல்லங்களில் ஒரே பேச்சு, எந்தக் கல்லூரி என்பதுதான். எந்தப் பாடம் என்னும் வினா பெரும்பாலும் அதன் பிறகே எழுகிறது. வண்டியில் ஏறி அமர்ந்தபின் ஊர்ப்பெயரைக் கேட்பதற்கு இது ஒப்பாகும்.

பெயர் பெற்ற கல்லூரி என்கிறோம். 1994இல் தேசியத் தர மதிப்பீட்டுக் குழு நிறுவப்பட்டது. 2016 முதல் நடுவண் அரசின் தரவரிசைப் பட்டியலும் வெளிவருகிறது. இவை பயனற்றவை என்று கூறமாட்டோம். ஆயினும் அவை அளப்பது கல்லூரி முழுமையை. நம் பிள்ளை அமரப்போவதோ ஒரு துறையின் வகுப்பறையில். அத்துறையில் நிலைத்திருக்கும் ஆசிரியர் எத்தனை பேர், ஆண்டுதோறும் மாறுவோர் எத்தனை பேர் என்பது தரப்புள்ளியைக் கண்டு அறியக் கூடியதன்று. அங்குப் பயிலும் மூன்றாம் ஆண்டு மாணவரைக் கேட்டால் ஐந்து மணித்துளிகளில் சொல்லிவிடுவார்.

தமிழகத்தின் பழைய கல்லூரிகள் பலவற்றில், நம் சமுதாயத்தார் நடத்துவன உட்பட, ஒரே வாயிலுக்குள் இரு பிரிவுகள் இயங்குகின்றன. நிதியுதவி பெறும் பிரிவில் ஆசிரியர் ஊதியத்தை அரசு வழங்குவதால் கட்டணம் குறைவு. சுயநிதிப் பிரிவிலோ மாணவர் செலுத்தும் கட்டணத்திலிருந்தே ஊதியம் வரவேண்டும். பட்டம் வழங்குவது இரண்டிற்கும் ஒரே பல்கலைக்கழகம். விண்ணப்பத்தில் எப்பிரிவைக் குறிக்கிறோம் என்பதில் ஒரு தையற்காரர் மகனின் மூன்றாண்டுக் கடன் அடங்கியிருக்கிறது. இதனை அறியாமலேயே கையொப்பமிடும் பெற்றோரை ஆண்டுதோறும் காண்கிறோம்.

நூலகத்தையும் நேரில் காண்பது நன்று. பரிசுக் கேடயங்களை விரும்பிக் காட்டுவோர் நூல் இரவல் பதிவேட்டைக் காட்டுவதில்லை!

பெண்மக்கள் பற்றிச் சற்று விரித்துரைக்க வேண்டும். நாமறிந்த கடலோரச் சிற்றூர் மாணவி ஒருவர் கணிதத்தில் பேரார்வம் உடையவர். அருகிலிருந்த கல்லூரியிலோ கணிதம் இல்லை, வணிகவியல் இருந்தது. 'பக்கத்தில் கிடைப்பதைப் படிக்கட்டும்' என்றனர் உறவினர். வாப்பாவும் அதற்கு இசைந்தார். தொலைவு என்று அவர்கள் கூறியதை நாம் தொலைவாகக் கொள்ளவில்லை. காணாத இடத்தைப் பற்றிய அச்சமே அது. உம்மா மட்டும் மகளை அழைத்துக்கொண்டு நாற்பது கிலோமீட்டர் கடந்து சென்றார். முதல்வர் அறைக்கு அவர் செல்லவில்லை. விடுதிக் காப்பாளரைக் கண்டார். சமையற்கூடம், தொழுகையிடம், குடிநீர் ஆகியவற்றைப் பார்த்தார். இரவில் நோயுற்றால் யார் உடன்வருவார் என்று வினவினார். ஊருக்கு வரும் கடைசிப் பேருந்தின் நேரத்தையும் குறித்துக்கொண்டார். மறுவாரம் வாப்பாவே உடன்சென்று கணிதத் துறையில் சேர்க்கைக் கட்டணம் செலுத்தினார்.