குடிக்காத கணவரின் பாட்டில்கள்

என் முன்னாள் கணவர் குடிக்க மாட்டார். பீரைக்கூடத் தொட்டதில்லை. பெண் பார்க்க வந்தபோது எங்கள் அம்பாசமுத்திரம் வீட்டில் அவரைப் பற்றிச் சொல்லப்பட்ட முதல் நல்ல வார்த்தை அதுதான். "பையனுக்கு எந்தக் கெட்ட பழக்கமும் கெடையாது" என்று தரகர் சொன்னதும் அம்மாவின் முகம் மலர்ந்துவிட்டது. மீதி விசாரணை எல்லாம் அதோடு முடிந்தது. எங்கள் தெருவில் குடியால் நொடிந்துபோகாத வீடுகளை விரல்விட்டு எண்ணிவிடலாம். அந்தத் தெருவில் வாழ்ந்த அம்மாவை நான் குறை சொல்ல மாட்டேன்.

அந்தக் குடிக்காத மனிதரோடு ஸ்காட்லாந்தின் கிளாஸ்கோ நகரில் பதினொரு வருடம் வாழ்ந்தேன். 2022இல் நாங்கள் பிரிந்தபோது வீட்டில் 41 விஸ்கி பாட்டில்கள் இருந்தன. ஒன்றுகூடத் திறக்கப்படவில்லை.

குடிப்பதற்காக இல்லாமல், வைத்திருந்து விலை ஏறியதும் விற்பதற்காக விஸ்கி வாங்குகிறவர்கள் உலகம் முழுக்க இருக்கிறார்கள். இதற்கென்றே ஸ்காட்லாந்தில் பல இணைய ஏல நிறுவனங்கள் உள்ளன. பெரும்பாலும் மாதத்துக்கு ஓர் ஏலம். ஒரு வாரம், பத்து நாள் நடக்கும். நாம் அதிகபட்சமாக எவ்வளவு தரத் தயார் என்பதைப் பதிந்துவிட்டால், அந்த எல்லைவரை கணினியே நமக்காக ஏலம் கேட்கும். கடைசி நாள் இரவுதான் கூத்து. முடியும் நேரத்தில் யாராவது கூட்டிக் கேட்டால், பல தளங்களில் கெடுவும் சில நிமிடங்கள் தள்ளிப்போகும். ஏலம் முடிந்த விலையோடு கணக்கு முடியாது. அதற்கு மேல் வாங்குபவர் தரும் கமிஷன், கமிஷனுக்கு வரி, அனுப்பும் செலவு எல்லாம் உண்டு. விற்பவரிடமும் தனியாக ஒரு கமிஷன் பிடிப்பார்கள்.

நான் முதியோர் இல்லத்தில் பராமரிப்பாளராக வேலை பார்த்தேன். காலை ஏழு மணி ஷிப்டுக்கு ஐந்தரைக்கு எழ வேண்டும். ஏலம் முடியும் இரவுகளில் படுக்கையில் எனக்குப் பக்கத்தில் ஒரு போன் வெளிச்சம் நள்ளிரவைத் தாண்டியும் எரிந்துகொண்டிருக்கும். "எவ்வளவு?" என்று கேட்டால் ஒரே பதில்தான். "இது செலவில்ல, முதலீடு."

அந்த முதலீடு எப்படி வளர்கிறது என்பதைப் பின்னாளில் நானே படித்துத் தெரிந்துகொண்டேன். விஸ்கிக்கு வயது ஏறுவது மரப்பீப்பாயில் இருக்கும்வரைதான். 12 வருடம் பீப்பாயில் இருந்த விஸ்கியைப் பாட்டிலில் அடைத்து, அதை 50 வருடம் வைத்திருந்தாலும் அது 12 வருட விஸ்கிதான். பாட்டிலுக்குள் எதுவும் கூடுவதில்லை. வெளியே குறைகிறது, அவ்வளவுதான். எங்கோ ஒருவர் அதே சரக்கைத் திறந்து குடிக்கும்போதெல்லாம், திறக்காமல் வைத்திருப்பவரின் பாட்டில் இன்னும் கொஞ்சம் அரிதாகிறது. வடிசாலையே மூடப்பட்டுவிட்டால் கேட்கவே வேண்டாம். ஸ்காட்லாந்தின் போர்ட் எலன், பிரோரா இரண்டும் 1983இல் மூடப்பட்டவை. பல ஆண்டுகள் கழித்து மீண்டும் திறக்கப்பட்டாலும், பழைய சரக்குக்குத்தான் மவுசு. ஜப்பானின் கருய்சாவா வடிசாலை 2000இல் உற்பத்தியை நிறுத்தியது. அதன் பாட்டில்களும் அப்படியே. 1926இல் வடிக்கப்பட்டு 60 வருடம் பீப்பாயில் இருந்த மெக்காலன் விஸ்கியில் மொத்தமே 40 பாட்டில்கள்தான் அடைக்கப்பட்டன. அதில் ஒன்று 2023 நவம்பரில் லண்டன் சதபீஸ் ஏலத்தில் கமிஷனோடு 21 லட்சத்து 87 ஆயிரத்து 500 பவுண்டுக்குப் போனது. நம் பணத்தில் 22 கோடி ரூபாய்க்கும் மேல்.

எங்கள் வீட்டில் அப்படி எதுவும் இல்லை. 80 பவுண்டு, 200 பவுண்டு, 500 பவுண்டு என்று இருந்தன. ஒன்றிரண்டு ஆயிரத்தைத் தாண்டியவை. ஆனால் கவனிப்பில் குறைவில்லை. விஸ்கி பாட்டிலைப் படுக்க வைக்கக் கூடாது, சாராயம் கார்க்கை அரித்துவிடும். வெயில் படக் கூடாது, லேபிள் வெளுக்கும். ஈரம் ஆகாது, சூடும் குளிருமாக மாறி மாறி இருக்கக் கூடாது. நாங்கள் குடியிருந்தது பழைய கல் கட்டடத்தின் மூன்றாம் மாடி. மகள் படுக்கும் அறையின் வெளிச்சுவர் குளிர்காலம் முழுக்க ஈரம் கசிந்து கருப்பாகப் பூசணம் பிடிக்கும். வீட்டிலேயே காய்ந்த இடம் நடைவழியில் இருந்த உள் அலமாரிதான். மகளின் உடுப்பையும் பாயையும் அங்கே வைக்கலாம் என்று கேட்டேன். இடமில்லை என்றார். உண்மைதான், இடமில்லை. பாட்டில்கள் இருந்தன.

என் சம்பளம் வாடகைக்கும் மளிகைக்கும் குழந்தைக் காப்பகத்துக்கும் போனது. மாதக் கடைசியில் அதன் சுவடுகூட மிஞ்சாது. அவர் சம்பளம் மின்சாரம், கார் போக மீதம் இருக்கும். அந்த மீதம்தான் அலமாரிக்குள் போனது. சாப்பிட்டுத் தீர்ந்த அரிசிக்கு யாரும் ரசீது வைத்துக்கொள்வதில்லை. பாட்டிலுக்கு ரசீது இருக்கிறது. இதனால் கணக்குப் பார்க்கும்போது நான் செலவு செய்தவளாகவும் அவர் சேர்த்தவராகவும் தெரிவோம். என் சம்பளம் வாடகையைக் கட்டாமல் இருந்திருந்தால் அவரால் ஒரு பாட்டில்கூட வாங்கியிருக்க முடியாது என்பது எந்த ரசீதிலும் வராது.

இந்த அலமாரிக்குச் சம்பந்தம் இல்லாததுபோல் தோன்றும் இன்னொரு ஏலத்தையும் இங்கே சொல்ல வேண்டும்.

2016இல் பிரிட்டனில் நிரந்தரமாகத் தங்கும் அனுமதிக்கு விண்ணப்பிக்கப் பெரிய தொகை தேவைப்பட்டது. ஊரில் இருந்த என் நான்கு வளையல்கள், ஆறு பவுன், மாமனார் பெயரில் அடகுக்குப் போயின. "ஆறே மாசத்துல மீட்டுடலாம்" என்றார் அவர். பாட்டிலில் ஒன்றை விற்கலாமே என்ற யோசனை அந்த வீட்டில் யாருக்கும் வரவில்லை. நகை என்பது கஷ்டம் வந்தால் கழற்றுவதற்குத்தானே. வட்டி கட்டப்படவில்லை. நோட்டீஸ் மாமனார் வீட்டுக்குப் போயிருக்கிறது. அடுத்த வருடம் ஒரு நாள் அத்தை போனில் வேறு ஏதோ பேசிவிட்டு, நடுவில் சொன்னார். "வளையல் ஏலத்துக்குப் போயிட்டும்மா."

நம் ஊர் நாளிதழ்களில் நகைக்கடன் ஏல அறிவிப்பைப் பார்த்திருப்பீர்கள். பொடி எழுத்தில் வரிசையாகக் கடன் கணக்கு எண்கள் இருக்கும். எது தாலிக்கொடி, எது சீமந்தத்துக்குப் போட்ட காப்பு என்று யாருக்கும் தெரியாது. எடையும் மாற்றும்தான் விலை. கல் இருந்தால் அதன் எடையைக் கழித்துக்கொள்வார்கள். வாங்கும்போது கொடுத்த செய்கூலி, சேதாரம் எல்லாம் போனது போனதுதான். விஸ்கி ஏலத்தில் ஒவ்வொரு பாட்டிலுக்கும் நான்கைந்து படம், வடிசாலையின் வரலாறு, கழுத்துவரை சரக்கு இருக்கிறதா தோள்வரை இறங்கிவிட்டதா என்ற விவரம், லேபிள் கிழிசல், அட்டைப்பெட்டி இருக்கிறதா இல்லையா என்ற குறிப்பு. பெட்டி இல்லாவிட்டால் விலையே குறையும். ஒரே குடும்பத்தின் சேமிப்பு இரண்டு ஏலங்களில் இருந்தது. ஒன்றில் அட்டைப்பெட்டிக்குக்கூட மதிப்பு. இன்னொன்றில் அம்மா எனக்காகச் சீட்டுப் போட்டுச் செய்த வளையலுக்கு உருக்கும் விலை.

பிரிவதென்று முடிவானபோது அம்மா போனில் கேட்டது இதுதான்: "ஏட்டி, குடிக்காரா? அடிக்காரா? பொறவு என்னட்டி குறை?" என்னால் உடனே பதில் சொல்ல முடியவில்லை. குறைக்கு நம்மிடம் இருக்கும் பெயர்கள் அந்த இரண்டுதான்.

வழக்கறிஞர் பதில் வைத்திருந்தார். ஸ்காட்லாந்தில் 1985ஆம் ஆண்டின் குடும்பச் சட்டப்படி, திருமணம் ஆனதிலிருந்து பிரிந்த நாள்வரை கணவனோ மனைவியோ சேர்த்த சொத்து, யார் பெயரில் இருந்தாலும், திருமணச் சொத்து. பிறர் அன்பளிப்பாகத் தந்ததும் வாரிசுரிமையாக வந்ததும் சேராது. பொதுவாகச் சரிபாதி. வீட்டுச் சாமான் பட்டியலில் நான் 41 பாட்டில்களை எழுதினேன். அவர் தரப்பிலிருந்து வந்த பதில்: "அவை பொழுதுபோக்குக்காக வாங்கிய மதுபானங்கள். குறிப்பிடத்தக்க மதிப்பு இல்லை." பத்து வருடம் முதலீடாக இருந்தது ஒரே கடிதத்தில் பொழுதுபோக்காகிவிட்டது.

ஆனால் ஏலத்தில் ஒரு நல்ல குணம் உண்டு. பழைய விலைகளைப் பல தளங்கள் அழிப்பதில்லை, யாரும் பார்க்கலாம். இரண்டு வார இறுதிகள் உட்கார்ந்தேன். ஒவ்வொரு பாட்டிலையும் வெளிச்சத்தில் பிடித்து மட்டம் பார்த்தேன், படம் எடுத்தேன். பெயர், அடைத்த வருடம், வயது, சாராய விகிதம், பெட்டி உண்டா இல்லையா எழுதினேன். அதே பாட்டில் கடைசி மூன்று ஏலங்களில் என்ன விலைக்குப் போனது என்று பக்கத்தில் குறித்தேன். விற்பவர் கமிஷனைக் கழித்தும் மொத்தம் 15,000 பவுண்டைத் தொட்டது. என்னுடைய ஏறக்குறைய ஒரு வருடச் சம்பளம் அந்த நடைவழி அலமாரியில் நின்றுகொண்டிருந்தது.

அந்தப் பட்டியலைத் தயாரிக்கும்போதுதான் ஹெலன் கம்மிங்கைப் பற்றிப் படித்தேன். அலமாரியில் பின்வரிசையில் கார்டூ என்ற பழைய பாட்டில் ஒன்று இருந்தது. 19ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் அந்த விஸ்கியை ஸ்பேசைடு பகுதிப் பண்ணை வீட்டில் உரிமம் இல்லாமல் வடித்தவர் ஹெலன். கலால் அதிகாரிகள் வந்தால் ரொட்டி சுடுவதாகச் சொல்லி உட்காரவைத்துச் சாப்பாடு போட்டுவிட்டு, அக்கம்பக்கத்தாரை எச்சரிக்கச் சிவப்புக் கொடி ஏற்றுவாராம். பண்ணை வீட்டு ஜன்னல் வழியாக விற்பனையும் அவர்தான். 1824இல் சட்டப்படி உரிமம் வாங்கியபோது அது கணவர் ஜான் கம்மிங் பெயரில் வந்தது. பின்னர் அந்த வடிசாலையைப் புதிதாகக் கட்டி வளர்த்து, 1893இல் ஜானி வாக்கர் நிறுவனத்துக்கு விற்றவர் அவருடைய மருமகள் எலிசபெத். அடுப்பு, ஜன்னல், கொடி எல்லாம் பெண்ணுடையது, காகிதம் ஆணுடையது. எனக்கு அதில் புதிதாக எதுவும் இல்லை. ஆனாலும் அந்த இரவில் படித்தபோது துணைக்கு ஆள் வந்ததுபோல் இருந்தது.

பணமாகத் தர முடியாது, பாட்டிலாக எடுத்துக்கொள் என்றார். சரி என்றேன். என் பங்காக வந்த இருபதில் விலை அதிகமானது, நூறு வருடத்துக்கு முந்தையது என்று அவர் தனி ஆளிடம் வாங்கியிருந்த ஒன்று. ஏல நிறுவனத்தின் நிபுணர்கள் அதை ஏற்க மறுத்தார்கள். கண்ணாடியும் லேபிள் அச்சும் அந்தக் காலத்துக்குப் பொருந்தவில்லை. இது அபூர்வம் அல்ல. 2018இல் ஸ்காட்லாந்து ஆய்வகம் ஒன்று கார்பன் முறையில் 55 பழைய பாட்டில்களைச் சோதித்தபோது 21 போலி என்று தெரிந்தது. 1950களிலும் 60களிலும் நடந்த அணுகுண்டுச் சோதனைகள் காற்றில் விட்ட கார்பன், அதன்பிறகு விளைந்த பார்லியில் இருக்கும். அதற்கு முன் விளைந்ததில் இருக்காது. அதை வைத்துக் கண்டுபிடித்துவிடுகிறார்கள். மறுப்புக் கடிதத்தோடு மீண்டும் வழக்கறிஞரிடம் போனேன். அந்த ஒன்றுக்குப் பதில் வேறு மூன்று பாட்டில்கள் வந்தன.

2023 முழுக்க ஐந்து ஏலங்களில் விற்றேன். 2022 வாக்கில் உச்சத்தில் இருந்த விலைகள் இறங்கத் தொடங்கியிருந்தன. குறைந்தபட்ச விலை குறிப்பதற்குத் தனிக் கட்டணம் என்பதால் குறிக்காமலேயே விட்டேன். கமிஷன் போக 6,300 பவுண்டு என் பெயரில் உள்ள கணக்கில் சேர்ந்தது. கார்டூ பாட்டிலை வைத்துக்கொள்ளத் தோழிகள் சொன்னார்கள். 90 பவுண்டுக்கு அதையும் விற்றேன். ஹெலனும் விற்றவள்தான்.

தமிழ்நாட்டில் 2003இலிருந்து சில்லறை மது விற்பனையை அரசே டாஸ்மாக் மூலம் நடத்துகிறது. கடையை மூடச் சொல்லிப் பெண்கள் தெருவில் உட்காருகிறார்கள். அந்தக் கோபத்தின் நியாயம் எனக்கு ரத்தத்தில் தெரியும். நான் அதோடு சேர்க்க விரும்புவது ஒன்றுதான். குடிக்காத வீட்டிலும் பெண்ணின் உழைப்பு பாட்டிலுக்குள் போகலாம். பாட்டில் இல்லாவிட்டால் மனை, பங்குச் சந்தை, நண்பரோடு கூட்டுத் தொழில். குடிக்கிறாரா என்று கேட்கும் பெண் பார்க்கும் சடங்கில், பணத்தைப் பற்றிய முடிவு யாருடையது என்று கேட்க ஒரு பெரியவரும் இல்லை.

முதியோர் இல்லத்தில் என்னோடு வேலை பார்க்கும் ஒரு பெண் சென்ற மாதம் ரகசியமாகக் கேட்டாள். அவள் கணவர் பழைய கைக்கடிகாரங்கள் சேர்க்கிறாராம். அதற்கெல்லாம் விலை இருக்குமா அக்கா என்றாள். ஒவ்வொன்றையும் பின்பக்க எண் தெரியும்படி படம் எடுத்து, வாங்கிய தேதியையும் எழுதிக்கொண்டு வரச் சொல்லியிருக்கிறேன். ஞாயிற்றுக்கிழமை வருகிறாள்.