இரும்புக்கை பாக்கி

லண்டன்ல இருந்து பார்சல்னு சொன்னதும் அம்மா ஏதோ சென்ட் பாட்டில், சாக்லேட்னு நினைச்சு அடுப்படியில இருந்து ஓடி வந்தாங்க. பிரிச்சா... பழுப்பேறின நாலு வாரப் பத்திரிகை! பேர் 'வேலியண்ட்'. 1960-கள்ல இங்கிலாந்துப் பசங்க படிச்சது. நாலும் சேர்ந்து 1,100 ரூபாய், தபால் செலவு 1,900. அம்மா ரெண்டு விரலால ஒண்ணைத் தூக்கிப் பார்த்துட்டு, "ஏலே, இதுமாதிரிதானே அன்னிக்கு நீயே சாக்குல கட்டிக் கொண்டுபோய் வித்தே?"னு கேட்டாங்க பாருங்க. நான் வாயே திறக்கலை.

விஷயம் என்னன்னா, எங்க அண்ணன் ஒரு லைப்ரரி வெச்சிருந்தான். 1985-ல, கோவில்பட்டியில, எங்க வீட்டுத் திண்ணையில. மொத்தச் சொத்து ஒரு தகரப் பெட்டி. உள்ளே முத்து காமிக்ஸ், லயன் காமிக்ஸ். டெபாசிட் ரெண்டு ரூபாய், ஒரு நாள் வாடகை பத்து பைசா. ஒவ்வொரு புத்தகத்துக்கும் நம்பர். யாருக்கு எந்தப் புத்தகம், எப்போ திரும்பி வந்தது, எவ்வளவு பாக்கின்னு நாற்பது பக்க நோட்டுல ரூல் போட்டு எழுதுவான். தம்பிங்கற சலுகையெல்லாம் கிடையாது. எனக்கும் பத்து பைசாதான்!

அந்தப் பெட்டியோட ராஜா யாருன்னு சொல்லணுமா? இரும்புக்கை மாயாவி. சிவகாசியில எம். சௌந்திரபாண்டியன் 1972-ல முத்து காமிக்ஸைத் தொடங்கினப்போ முதல் புத்தகமே அவன்தான். நிஜப் பேரு லூயிஸ் கிராண்டேல். ஒரு பரிசோதனைக் கூடத்துல உதவியாளன், ஒரு கை போய் இரும்புக்கை பொருத்தினவன். மின்சாரம் பாய்ஞ்சா உடம்பு முழுக்க மறைஞ்சிடும். அந்தக் கை மட்டும் அந்தரத்துல மிதக்கும். எங்க தெருவுல ஒரு பையன் இதை நம்பி பிளக் பாயின்ட்டுல ஸ்பூனை விட்டான். ஆள் மறையலை, தெருவுக்கே ஃபியூஸ் போச்சு. அவங்கப்பா திண்ணைக்கே வந்து அண்ணனைத் திட்டிட்டுப் போனார். அன்னிக்கு மாயாவிக்கு வாடகை டிமாண்ட் ரெண்டு மடங்காச்சு.

இவன் அசல்ல பிரிட்டிஷ்காரன்னு அப்போ எங்களுக்குத் தெரியாது. 1962-ல 'வேலியண்ட்' வாரப் பத்திரிகையில 'ஸ்டீல் க்ளா'ங்கற பேர்ல வந்த தொடர் அது. படம் போட்டவர் ஸ்பெயின்காரர், ஜீசஸ் பிளாஸ்கோ. 'லயன்'ங்கற பேர்லயே அங்கே இன்னொரு வாரப் பத்திரிகை இருந்தது. நம்ம ஸ்பைடர் 1965-ல அதுலதான் பொறந்தான். எங்களுக்கு சிவகாசிதான் எல்லாத்துக்கும் தாய்வீடு. லண்டனாவது, ஸ்பெயினாவது!

சரி, குற்றத்துக்கு வர்றேன். வருஷம் 2000. நான் காலேஜ் செகண்ட் இயர். பெங்களூருக்கு இண்டஸ்ட்ரியல் விசிட், தலைக்கு 900 ரூபாய். ஃபேக்டரியை அரை மணி நேரம் பார்த்துட்டு மிச்ச ரெண்டு நாள் ஊர் சுத்தற 'விசிட்'னு உங்களுக்கே தெரியும். அப்பாகிட்ட கேட்டா 400 கொடுத்தார். அண்ணன் அப்போ திருப்பூர்ல வேலையில இருந்தான். பெட்டி பரண்ல தூங்கிட்டிருந்தது. ஒரு பழைய புத்தகக் கடைக்குத் தூக்கிட்டுப் போனேன். கடைக்காரர் அடுக்கிப் பார்த்துட்டு, "லாட்டா 500 தர்றேன் தம்பி"ன்னார். பேரம்கூடப் பேசலை நான். 143 புத்தகம். அந்த நோட்டை மட்டும் அவர் திருப்பிக் கொடுத்துட்டார், எழுதின நோட்டு எதுக்குன்னு.

தீபாவளிக்கு அண்ணன் வந்தான். எதுக்கோ பரண் ஏறினான். பெட்டியைத் திறக்கற சத்தம் கேட்டுது. நான் கீழே நின்னு எண்ணெய் தேய்ச்சுக்கிட்டிருந்தேன். ரொம்ப நேரம் கழிச்சு இறங்கி வந்து, "எவ்வளவுக்குப் போச்சு?"ன்னான். சொன்னேன். "சரி, விடு"ன்னான். அவ்வளவுதான். ரெண்டு அறை விட்டிருந்தா அன்னிக்கே கணக்கு முடிஞ்சிருக்கும். அதுக்கப்புறம் காமிக்ஸ்ங்கற வார்த்தையே அவன் வாய்ல வரலை. கல்யாணம், குழந்தை, வீட்டுக் கடன் எல்லாம் பேசுவோம். அது மட்டும் கிடையாது.

2012-ல லயன் காமிக்ஸ் 'கம்பேக் ஸ்பெஷல்' போட்டுத் திரும்பி வந்தது. ஆசிரியர் எஸ். விஜயன் மறுபடி ஆரம்பிச்சிட்டார்னு ஃப்ரெண்ட் ஒருத்தன் சொன்னப்போதான் எனக்குள்ள ஏதோ குடைய ஆரம்பிச்சது. அந்த நோட்டைத் தேடி எடுத்தேன். முதல் மூணு பக்கம் முழுக்கப் புத்தகப் பட்டியல். நம்பர், பேர், வாங்கின மாசம். அண்ணனோட கோழிக்கிறுக்கல் எழுத்து. இதைவிட நல்ல தேடல் பட்டியல் எந்தக் கலெக்டர்கிட்டயும் இருக்காது. சத்தமில்லாம ஒவ்வொண்ணா வாங்க ஆரம்பிச்சேன்.

சும்மா இல்லைங்க. நான் மூணே முக்கால் ரூபாய்க்குக்கூடக் கொடுக்காம வித்தது, இப்போ நல்ல நிலைமையில இருந்தா ஆயிரங்கள்ல போகுது. அட்டை இல்லாதது, நடுப்பக்கம் கிழிஞ்சது, 'இவன் ஒரு கழுதை'ன்னு யாரோ பேனாவால எழுதினது எல்லாத்தையும் கும்பிட்டு வாங்கியிருக்கேன். மறுபதிப்பா வந்ததை வாங்கிக்கலாமேன்னு கேப்பீங்க. அதுவும் வாங்கறேன். ஆனா அண்ணன் பெட்டியில இருந்தது கையகலப் புத்தகம். நல்ல தாள்ல பளபளன்னு வந்தா அதுல அந்த வாசனை இல்லையே!

தமிழ் கிடைக்காத இடத்துல இங்கிலீஷ் பக்கம் போனேன். டைட்டன் புக்ஸ் 2005-ல ஸ்டீல் க்ளாவையும் ஸ்பைடரையும் கெட்டி அட்டையில போட்டது. பழைய ஃப்ளீட்வே கதைகளோட உரிமையை 2018-ல ரெபெல்லியன்ங்கற கம்பெனி வாங்கி, 2021-ல இருந்து அழகா மறுபதிப்பு போடறாங்க. அதையும் விட்டு வைக்கலை. அப்புறம் போதை ஏறி, நேரா அசல் வாரப் பத்திரிகைக்கே போயிட்டேன். 1967-68-ல ஃப்ளீட்வே மாயாவிக்கும் ஸ்பைடருக்கும்னே கையடக்கமா ஒரு தனி வரிசை போட்டது. அதுல ஒண்ணே ஒண்ணு என்கிட்ட இருக்கு. பத்திரிகையோட முதல் இதழ்ல பசங்களுக்கு ஏதாவது இலவசம் வெச்சுக் கொடுப்பாங்க. அந்தத் துண்டுச் சாமானும் கூடவே இருந்தா விலை எங்கேயோ போயிடும். நான் அந்தப் பக்கம் திரும்பறதே இல்லை.

அசலைப் படிச்சதுல ஒரு லாபம். சின்ன வயசுல எனக்கு ஒரு சந்தேகம். ரெண்டு பக்கத்துக்கு ஒரு தடவை மாயாவி ஏன் எதுலயாவது மாட்டிக்கறான்? வேலியண்ட்டைப் பார்த்ததும் புரிஞ்சுபோச்சு. அங்கே வாரத்துக்கு ரெண்டு பெரிய பக்கம்தான். கடைசிக் கட்டத்துல ஆளை ஆபத்துல தொங்கவிட்டாத்தான் அடுத்த வாரம் பையன் காசோட வருவான். சிவகாசியில அதையெல்லாம் வரிசையா ஒட்டி முழுக் கதையா கொடுத்தாங்க. அவ்வளவு தடவை அவன் செத்துப் பிழைச்சதுக்குக் காரணம் லண்டன் பெட்டிக்கடை வியாபாரம்!

இன்னொண்ணு தெரிஞ்சப்போ மனசு ஒரு மாதிரி ஆயிடுச்சு. ஸ்பைடர் கதைகள்ல பெரும்பகுதியை எழுதினது ஜெர்ரி சீகல். யாரு? சூப்பர்மேனை உருவாக்கின ரெண்டு பேர்ல ஒருத்தர்! 1938-ல வெறும் 130 டாலருக்கு சூப்பர்மேன் உரிமையை எழுதிக் கொடுத்துட்டு, பிறகு காலமெல்லாம் கோர்ட்டு கேஸுன்னு அலைஞ்சவர். அந்த மனுஷன்தான் கடல் தாண்டி ஒரு பிரிட்டிஷ் வாரப் பத்திரிகைக்கு வாராவாரம் ஸ்பைடரை எழுதியிருக்கார். அந்தக் காலத்துல அங்கே எழுதினவர் பேரைக்கூடப் போடமாட்டாங்க. 130 டாலர் கதையைப் படிச்சப்போ எனக்கு அந்த 500 ரூபாய் ஞாபகம் வந்தது. ஒப்பிடக்கூடாதுதான். வந்துச்சு.

போன பொங்கலுக்கு அண்ணன் குடும்பத்தோட வந்தான். இப்போ அவனுக்கு 50 தாண்டியாச்சு, வெள்ளெழுத்துக் கண்ணாடி. அம்மாவுக்கு வாய் சும்மா இருக்குமா? "உன் தம்பி சம்பளத்தையெல்லாம் குப்பையில கொட்டறான், அந்த பீரோவைத் திறந்து பாரு"ன்னு போட்டுக் கொடுத்துட்டாங்க. நான் போய் நிக்கறதுக்குள்ள திறந்துட்டான். ஒவ்வொண்ணும் பிளாஸ்டிக் கவர்ல, பின்னாடி அட்டை வெச்சு, நம்பர் ஒட்டி இருக்கு. அவன் போட்ட அதே நம்பர். ஒண்ணு, ரெண்டு, நாலு, அஞ்சு, ஒன்பதுன்னு நடுநடுவுல ஓட்டை விழுந்த வரிசை.

ஒரு வார்த்தை பேசலை. தரையில சம்மணம் போட்டு உட்கார்ந்தான். ஒண்ணை எடுத்துக் கவரைப் பிரிச்சு, முகர்ந்து பார்த்தான். லண்டன் வேலியண்ட்டைப் புரட்டிட்டு, "மாயாவி இவ்வளவு பெருசாவா இருந்தான்?"ன்னு மட்டும் கேட்டான். அப்புறம், "மூணு எங்கே?"

"கிடைக்கலைண்ணே."

"எத்தனை ஆச்சு?"

"97."

"நோட்டு இருக்கா?"

எடுத்துக் கொடுத்தேன். என் மகன்கிட்ட பேனா வாங்கினான். 1989-ல யாரோ நாலணா பாக்கி வெச்ச கடைசி வரிக்குக் கீழே ஒரு கோடு போட்டு, என் பேரை எழுதினான். எடுத்தது 143. திரும்ப வந்தது 97. பாக்கி 46. வாடகைக் கட்டத்துல கொஞ்ச நேரம் பேனாவை வெச்சுக்கிட்டே இருந்துட்டு, ஒரு நாளைக்குப் பத்து பைசான்னு எழுதி, என் மகனைக் கூப்பிட்டு, "இருபத்தஞ்சு வருஷத்துக்கு எவ்வளவுடா ஆகும், கணக்குப் போடு"ன்னான்.

பையன் செல்போனை எடுத்தான். நான் மெல்ல நழுவி மொட்டை மாடிக்குப் போயிட்டேன். மூணாம் நம்பர் மதுரையில ஒருத்தர்கிட்ட இருக்குன்னு கேள்வி. அட்டை மட்டும் இல்லையாம். வர்ற ஞாயித்துக்கிழமை போறேன்.