கட்டுப்போட்ட இடது கை

எனக்கும் என் பள்ளித் தோழன் ஒருவனுக்கும் முப்பது வருடங்களுக்கு மேலாக ஒரு வழக்கு நடந்துகொண்டிருக்கிறது. கிரிக்கெட்டில் இதுவரை பந்து வீசிய வேகப்பந்து வீச்சாளர்களில் தலைசிறந்தவர் யார்? அவன் கட்சி வாசிம் அக்ரம். என் கட்சி மால்கம் மார்ஷல். திருவல்லிக்கேணியில் ஒரு டீக்கடை பெஞ்சில் ஆரம்பித்தது. அவன் கல்யாணத்துக்கு முதல் நாள் இரவு மண்டபத்து மாடியில் விடிய விடிய நடந்தது. இப்போது ஞாயிற்றுக்கிழமைகளில் என் வீட்டுக் கூடத்தில் நடக்கிறது. தீர்ப்பு இன்னும் வரவில்லை. வரவேண்டும் என்று இருவருமே உண்மையாக ஆசைப்படுகிறோம்.

முதல் சில வருடங்கள் புள்ளிவிவரத்தை வைத்துத்தான் மோதினோம். மார்ஷல் 81 டெஸ்ட்டில் 376 விக்கெட், சராசரி 20.94. வாசிம் 104 டெஸ்ட்டில் 414 விக்கெட், சராசரி 23.62. கணக்கு எனக்குச் சாதகம் என்று நான் மார்தட்டிக்கொண்ட காலம் உண்டு. பிறகு ஒரு நாள் அவன் ஒரு காகிதத்தில் மூன்று எண்களை எழுதி நீட்டினான். மார்ஷல் 20.94, ஜோயல் கார்னர் 20.97, கர்ட்லி ஆம்ப்ரோஸ் 20.99. முதலாமவருக்கும் மூன்றாமவருக்கும் நடுவில் இருப்பது ஒரு ரன்னில் இருபதில் ஒரு பங்கு. "இதை வச்சு உன் ஆளை மேல ஏத்துவியா?" என்று கேட்டான். என்னிடம் பதில் இல்லை. சராசரிதான் அளவுகோல் என்றால் சிட்னி பார்ன்ஸின் 16.43-க்கு முன்னால் எல்லோரும் எழுந்து நிற்க வேண்டும். அவர் 1913-14-இல் தென்னாப்பிரிக்காவில் நான்கே டெஸ்ட்டில் 49 விக்கெட் எடுத்தவர். ஆனால் அது பாய் விரித்த மேட்டிங் ஆடுகளம். ஆட்டமும் வேறு, காலமும் வேறு. கண்ணால் பார்க்காத ஒருவருக்காக வழக்காட எங்கள் இருவருக்குமே மனம் வரவில்லை.

அதன் பிறகுதான் எனக்கென்று ஓர் அளவுகோல் தேடினேன். நஞ்சையில் எவரும் விளைவிக்கலாம். களர் நிலத்தில் விளைவித்தவர் யார்? பெர்த்திலும் பார்படாஸிலும் பந்து தானாகவே மூக்குக்கு ஏறும். இங்கிலாந்தில் மேகம் கூடினால் தானாகவே வளையும். கையில் பழைய பந்து, காலடியில் மண் வெடித்த செத்த ஆடுகளம், மேலே கொளுத்தும் வெயில், எதிரே காலை முழுவதும் அசையாமல் நிற்கிற ஆட்டக்காரர். அங்கே ஒருவர் என்ன செய்தார் என்பதை வைத்துத்தான் நான் அவரை எடைபோடுவேன். நான் சேப்பாக்கத்துக்காரன். இப்படி ஒரு கணக்கு எனக்குத் தோன்றியதில் வியப்பில்லை.

சேப்பாக்கம் என்றதும் சித்தப்பா ஞாபகம் வந்துவிடுகிறது. 1975 ஜனவரியில் மேற்கிந்தியத் தீவுகள் ஆடிய டெஸ்ட்டை அவர் நேரில் பார்த்தவர். அந்த ஆட்டத்தில் விஸ்வநாத் எடுத்த 97 நாட் அவுட்டை இந்த ஊர் மறந்ததே இல்லை. சதங்களைவிடப் பெரியது என்று இன்றும் சொல்வோம். சித்தப்பா மட்டும் அந்தக் கதையை மறுமுனையிலிருந்து சொல்வார். அந்த 97 எவருக்கு எதிராக எடுக்கப்பட்டது? ஆண்டி ராபர்ட்ஸ். முதல் இன்னிங்ஸில் இந்தியாவின் 190-இல் அவர் 64 ரன்னுக்கு 7 விக்கெட். இரண்டாவதில் 57-க்கு 5. சுழலுக்கென்றே பேர்போன ஊரில் ஒரு வேகப்பந்து வீச்சாளர் பன்னிரண்டு விக்கெட் எடுத்தும் அவருடைய அணி 100 ரன்னில் தோற்றது. "மூஞ்சில ஒரு சலனம் கிடையாதுடா. அவுட்டாக்கினாலும் அதே மூஞ்சி, நாலு ரன் குடுத்தாலும் அதே மூஞ்சி. அதான் பயம்" என்பார் சித்தப்பா. விஸ்வநாத்தின் ஆட்டத்துக்கு அவ்வளவு மதிப்பு வந்ததே ராபர்ட்ஸால்தான் என்பது அவர் கட்சி. நானும் அதை நம்புகிறேன்.

இந்த அளவுகோலை வைத்தால் மனத்துக்குப் பிடித்த சிலரைக் கீழே இறக்க வேண்டியிருக்கிறது. டென்னிஸ் லில்லி அவர்களில் ஒருவர். 70 டெஸ்ட், 355 விக்கெட். முதுகெலும்பில் முறிவு ஏற்பட்டு, உடம்பில் மாவுக்கட்டோடு கிடந்து, பிறகு தன் பந்துவீச்சையே புதிதாகக் கட்டி எழுப்பிக்கொண்டு திரும்பி வந்தவர். ஓடிவருகிற அழகில் அவருக்கு நிகராக நான் இன்னொருவரைச் சொல்ல மாட்டேன். ஆனால் அந்த 70-இல் இந்தத் துணைக்கண்டத்தின் மண்ணில் ஆடியது நான்கே. 1980-இல் பாகிஸ்தானில் மூன்று டெஸ்ட்டில் மூன்றே விக்கெட். பைசலாபாதில் பதினொரு ஆஸ்திரேலியர்களும், விக்கெட் கீப்பர் உட்பட, பந்து வீசினார்கள், ஆடுகளம் அப்படி. இந்தியாவில் அவர் ஒரு டெஸ்ட்கூட ஆடியதில்லை. அப்படிப்பட்டவர் 1987-இல் எம்.ஆர்.எஃப். பேஸ் ஃபவுண்டேஷனில் பையன்களுக்குச் சொல்லிக்கொடுக்க நம் சென்னைக்கு வந்தார். சேத்துப்பட்டு மைதானத்து ஓரத்தில் நானும் தோழனும் நின்று ஒரு காலைப்பொழுது முழுக்க அவரைப் பார்த்திருக்கிறோம். பந்து வீசவில்லை. ஒரு பையனின் முன்பாதம் விழவேண்டிய இடத்தைக் குனிந்து, விரலால் தரையில் கோடு போட்டுக் காட்டிக்கொண்டிருந்தார். அவரைக் கீழே இறக்கும்போதெல்லாம் அந்தக் குனிந்த முதுகு என்னை உறுத்தும். எங்கே ஆடுவது என்பதை ஆட்டக்காரரா முடிவு செய்கிறார்?

மார்ஷலிடம் நான் எப்படிப் போய்ச் சேர்ந்தேன் என்று சொல்ல வேண்டும். 1983 டிசம்பர். எனக்குப் பதின்மூன்று வயது. பக்கத்து வீட்டுத் திண்ணையில் ரேடியோ, தமிழ் வர்ணனை. சேப்பாக்கத்தில் மேற்கிந்தியத் தீவுகளுக்கு எதிராக இந்தியா ஆட வருகிறது. அன்று கவாஸ்கர் முதலில் இறங்கவில்லை, நான்காவதாக இறங்கப்போகிறார் என்றார்கள். கொஞ்சம் இளைப்பாறலாம் என்று அவர் நினைத்திருக்கக்கூடும். மார்ஷல் கெய்க்வாட்டை எடுத்தார், வெங்சர்க்காரை எடுத்தார். போர்டில் ரன் பூஜ்யம், விக்கெட் இரண்டு. கவாஸ்கர் வந்து நின்றபோது தொடக்க ஆட்டக்காரராக வந்திருந்தால் இருந்திருக்கக்கூடிய அதே பூஜ்யம். பிறகு அவர் 236 நாட் அவுட் அடித்தார். அது அவருடைய முப்பதாவது சதம், பிராட்மனின் 29-ஐத் தாண்டிய சதம். தெருவே கொண்டாடியது. நானும் ஆடினேன். ஆனால் ராத்திரி படுத்தால் என் காதில் கேட்டது அந்த முதல் ஓவர்கள்தான். அந்தத் தொடரின் முதல் டெஸ்ட்டில், கான்பூரில், அதே கவாஸ்கரின் மட்டையை மார்ஷலின் பந்து கையிலிருந்து தட்டிப் பறித்தது. தொடர் முழுவதும் ஆறு டெஸ்ட், 33 விக்கெட், எல்லாம் நம்முடைய மண்ணில். களர் நிலம் என்றேனே, அதில் ஒரு போகம் அல்ல, ஆறு போகம்.

வேகப்பந்து வீச்சாளருக்கு உயரம் சொத்து. கார்னர் ஆறடி எட்டங்குலம், ஆம்ப்ரோஸ் ஆறடி ஏழு. மார்ஷல் ஆறடிக்கே கொஞ்சம் குறைவு. நெட்டையர்களின் பவுன்சர் மேலிருந்து விழுந்து மேலே போகும், குனிந்தால் தப்பலாம். மார்ஷலின் பவுன்சர் சறுக்கிக்கொண்டு வந்து தொண்டையை நோக்கும், எங்கே குனிவது? ஓரத்திலிருந்து சாய்கோட்டில் பாய்ந்து வருவார், மார்பைத் திறந்து வீசுவார், இரண்டு பக்கமும் வளைப்பார். கையைப் பார்த்து எந்தப் பக்கம் வளையும் என்று சொல்ல முடியாது. இல்லாத உயரத்தை அறிவால் ஈடுகட்டியவர் என்று நான் சொல்வேன். 1988-இல் ஓல்ட் டிராஃபோர்டில் 22 ரன்னுக்கு 7 விக்கெட் எடுத்தபோது வேகத்தைக் குறைத்துக்கொண்டு, தையலையும் காற்றையும் நம்பி வீசினார். தேவைப்பட்டால் தன் பெரிய ஆயுதத்தை உறையில் போடத் தெரிந்தவர்.

ஆனால் என் வாதத்தின் உச்சம் எப்போதும் ஹெடிங்லி, 1984. ஆட்டத்தின் முதல் நாள் காலையிலேயே ஃபீல்டிங் செய்யும்போது அவருடைய இடது கட்டைவிரல் இரண்டு இடத்தில் உடைந்துவிட்டது. மாவுக்கட்டு. மேற்கிந்தியத் தீவுகளின் ஒன்பதாவது விக்கெட் விழுந்தபோது லாரி கோம்ஸ் 96-இல் நின்றார். முடிந்தது என்று எல்லோரும் நடக்கத் தொடங்கியபோது மார்ஷல் மட்டையோடு படியிறங்கி வந்தார். ஒற்றைக் கையால் ஆடினார். ஒரு பந்தை நான்குக்கும் விரட்டினார். கோம்ஸ் சதம் அடித்தார். பிறகு அதே கட்டோடு புதுப்பந்தை எடுத்தவர் 53 ரன்னுக்கு 7 விக்கெட். தன் பந்தில் தானே ஒரு கேட்சும் பிடித்தார், அந்த ஒற்றைக் கையால். இடது கை ஒடிந்தால் வலது கையால் வீசுவதில் என்ன கஷ்டம் என்று கேட்பவர் ஒருமுறை இடது கையை முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டு நாலடி ஓடிப் பார்க்கட்டும். பந்தை மேலே இழுத்துக் கொண்டுபோவதே இடது கைதான்.

தோழனின் வாதம் இதற்கு இளைத்ததல்ல. அவனே இடது கைப் பந்து வீச்சாளன். எங்கள் தெரு அணியில் கார்க் பந்தை வளைக்கத் தெரிந்த ஒரே ஆள். 1992 உலகக் கோப்பை இறுதியில் வாசிம் அடுத்தடுத்த இரண்டு பந்தில் லாம்பையும் லூயிஸையும் போல்டாக்கிய நாளிலிருந்து அவன் வேறு மனிதனாகிவிட்டான். புதுப்பந்து தையல் சாய்ந்த பக்கம் வளையும். ஒரு பக்கம் சொரசொரத்து, மறுபக்கம் அந்நாளில் எச்சிலிலும் வியர்வையிலும் தேய்த்துக் காத்துவைத்த பழைய பந்து, நல்ல வேகத்தில் போட்டால் எதிர்ப்பக்கம் வளையும், அதுதான் ரிவர்ஸ் ஸ்விங். சர்ஃப்ராஸ் நவாஸிடமிருந்து இம்ரான் கான், இம்ரானிடமிருந்து வாசிமும் வக்காரும் என்று கைமாறி வந்த வித்தை அது. அவன் கேட்பான்: "நீ களர் நிலம் களர் நிலம்னு சொல்றியே, அந்தக் களரையே எருவா மாத்தினவன் யாருடா? தரை பந்தைச் சிராய்ச்சாத்தானே ரிவர்ஸ்?" இதற்கு நான் இன்றுவரை சரியான பதில் சொன்னதில்லை. என் அளவுகோலை எடுத்து என்னையே அளந்துவிட்டான்.

1999 ஜனவரி 31-ஐயும் அவன் கையில் வைத்திருக்கிறான். இருவரும் சேப்பாக்கத்தில் அருகருகே உட்கார்ந்திருந்தோம். பாகிஸ்தானுக்கு எதிராக இந்தியாவுக்கு 271 இலக்கு. வக்கார் நம்மூர் ரமேஷையும் லட்சுமணையும் முன்பே எடுத்திருந்தார். வாசிம் டிராவிடுக்கு வீசினார். லெக் ஸ்டம்ப் பக்கம் விழுந்த பந்து மட்டையைத் தாண்டி வெளியே போய் ஆஃப் ஸ்டம்ப்பின் தலையைத் தட்டியது. டிராவிட் தவறாக எதுவும் செய்யவில்லை. எந்தத் தவறும் செய்யாத ஒருவரை அவுட்டாக்குவது எப்படி என்று அன்று பார்த்தேன். சச்சினின் 136, சக்லைனின் சுழல், கடைசியில் 12 ரன்னில் தோல்வி, எழுந்து நின்று பாகிஸ்தானுக்குக் கைதட்டிய அரங்கம் எல்லாம் எல்லோருக்கும் தெரியும். எனக்கு அந்த ஒரு பந்து. கூட்டம் கலைந்து பெல்ஸ் ரோட்டில் நடந்து வரும்போது அவன் ஒரு வார்த்தை பேசவில்லை. இந்தியா தோற்ற துக்கமும் தன் வழக்கு ஜெயித்த பூரிப்பும் ஒரே மனத்துக்குள் இருந்தால் ஒருவன் எப்படிப் பேசுவான்?

அதே வருடம் நவம்பர் 4-ஆம் தேதி மார்ஷல் இறந்துபோனார். பெருங்குடல் புற்றுநோய். வயது 41. செய்தி கேட்டு அவன் என் வீட்டுக்கு வந்தான். துக்க வீட்டுக்கு வருகிறவன்போல வாசலிலேயே செருப்பை விட்டுவிட்டு, சத்தமில்லாமல் வந்து உட்கார்ந்தான். என் மனைவி காபி கொடுத்தாள். அன்று ஹெடிங்லியைப் பற்றி அவன்தான் பேசினான், நான் பேசவில்லை. ஒரு விவரத்தையும் விடாமல் சொன்னான். இத்தனை வருடம் நான் சொன்னதையெல்லாம் எதிர்வாதம் தேடுவதற்காக மட்டும் அவன் கேட்டிருக்கவில்லை என்பது எனக்கு அப்போதுதான் தெரிந்தது.

நாற்பது தாண்டியதும் அவனுக்குச் சர்க்கரை வந்தது. மாத்திரை போதாமல் இன்சுலினுக்குப் போனது. அதன் பிறகு அவன் வாதத்தின் போக்கே மாறிவிட்டது. வாசிமுக்கு 1997-இல், முப்பது வயதுவாக்கில், நீரிழிவு என்று கண்டுபிடித்தார்கள். சேப்பாக்கத்தில் டிராவிடுக்கு வீசிய அந்தப் பந்து அதற்குப் பிறகானது. "நாலு மாடி ஏறினா எனக்குக் கண்ணு இருட்டுதுடா. அவன் இதைக் குத்திக்கிட்டு வெயில்ல நாள் பூரா ஓடியிருக்கான்" என்று ஒருநாள் சொன்னான். ரிவர்ஸ் ஸ்விங், 414 விக்கெட் எல்லாவற்றையும்விட அந்த வரிதான் என் மார்ஷலை அசைத்தது. அதற்காக நான் கட்சி மாறவில்லை. மார்ஷல்தான். கேட்டால் இப்போதும் அதையே சொல்வேன். 2010-இல் நாக்பூரில் 51 ரன்னுக்கு 7 விக்கெட் எடுத்த ஸ்டெய்ன், மும்பையில் பத்து விக்கெட் எடுத்து நியூசிலாந்தை ஜெயிக்க வைத்த ஹாட்லி, இவர்களெல்லாம் என் அளவுகோலில் நிமிர்ந்து நிற்கிறவர்கள். ஆனாலும் மார்ஷல்தான்.

2025 ஜனவரி, சிட்னி டெஸ்ட்டின் கடைசி நாள். விடியற்காலை ஐந்து மணிக்கே அவன் என் வீட்டுக்கு வந்துவிட்டான். அந்தத் தொடரில் பும்ரா 32 விக்கெட், சராசரி 13.06. 200 விக்கெட்டை எட்டியபோது 20-க்கும் குறைவான சராசரி. அதற்கு முன் எவருக்கும் வாய்க்காதது. எங்கள் வழக்கில் மூன்றாவதாக ஒரு கட்சி வந்துவிட்டதோ என்று முந்தைய மெல்பர்ன் டெஸ்ட்டிலிருந்தே இருவருக்கும் ஓர் எண்ணம், வாய்விட்டுச் சொல்லவில்லை. முந்தைய நாள் முதுகைப் பிடித்துக்கொண்டு அவர் மைதானத்தை விட்டுப் போயிருந்தார். 2023-இல் அறுவை சிகிச்சை செய்த அதே முதுகு. ஆஸ்திரேலியாவுக்கு 162 தேவை. இந்திய அணி ஃபீல்டிங்குக்கு இறங்கியது. ஒவ்வொருவராக எண்ணினோம். பும்ரா இல்லை.

"வருவான்டா" என்றான் அவன். நான் பேசாமல் இருந்தேன்.

"வருவான். உன் ஆளு கையொடிஞ்சு வரலியா?"

ஓவர்கள் போய்க்கொண்டிருந்தன. விக்கெட் விழுந்தபோதுகூட கேமரா பெவிலியன் பக்கம் திரும்புகிறதா என்றே பார்த்தோம். உள்ளிருந்து என் மனைவி இட்லி ஆறுகிறது என்று கூப்பிட்டாள். அவன் சட்டையை விலக்கி, வயிற்றில் மடிப்பைப் பிடித்து, ஊசியைக் குத்திக்கொண்டான். கை பழக்கத்தில் வேலை செய்தது. கண் திரையை விட்டு நகரவில்லை.