மீன் இல்லாத் தொட்டி

இரண்டடிக் கண்ணாடித் தொட்டியில் மணல் பரப்பினேன். கற்களின்மீது வினிகர் சொட்டி, நுரைத்தவற்றை விலக்கினேன். சுண்ணாம்புக் கல் நீரைக் கடினமாக்கும். இரு வாரம் ஊறிச் சாயம் இறங்கிய மரவேரில் ஜாவாப் பெரணியை நூலால் கட்டினேன். அதன் வேர்த்தண்டைப் புதைத்தால் அழுகிவிடும்.

“மீன் எங்கே, தாத்தா?” என்றான் பேரன்.

வாங்கிய அன்றே விட்ட மீன்கள் சில நாட்களில் மடிந்த வீடுகள் பல. மீன் கழிவில் தோன்றும் அம்மோனியா நஞ்சு. அதை முதலில் நைட்ரைட்டாகவும், பின்னர் தீங்கு குறைந்த நைட்ரேட்டாகவும் மாற்றும் நுண்ணுயிர்கள் கல்லிலும் மரத்திலும் குடியேறப் பெரும்பாலும் 4 முதல் 6 வாரங்கள் ஆகும். எஞ்சிய நைட்ரேட்டைச் செடிகள் உரமாக ஏற்கும்.

ஆகவே பேரன் நாள்தோறும் வெறுந்தொட்டியில் சிட்டிகைத் தீனி இடுகிறான். அது அழுகியே அந்நுண்ணுயிர்களுக்கு உணவாகிறது. காண்போர் நகைக்கின்றனர். அன்பர்களே, விருந்தினர் வருமுன் வீட்டை ஆயத்தம் செய்வதும் விருந்தோம்பல் அன்றோ?