வள்ளம் வாங்கப் போனோம்

மாடு வாங்கப் போகிறவர் பல்லைப் பிடித்துப் பார்க்கிறார், சுழி பார்க்கிறார். காணி வாங்கப் போகிறவர் உறுதியைப் புரட்டிப் பார்க்கிறார்; எல்லைக் கல்லை எண்ணிப் பார்க்கிறார். வள்ளம் வாங்கப் போகிறவர் எதைப் பார்ப்பது? இக்கேள்விக்கு விடை அறியாமலே, சென்ற ஆண்டு பங்குனி மாதத்தில் நாம் ஒரு வள்ளத்தை விலை பேசப் புறப்பட்டோம்.

வாங்க விரும்பியவன் எமது தமக்கையாரின் மகன். வேலணைக் கரையிலிருந்து பரவைக்கடலில் நண்டு வலை போடுபவன். பத்து ஆண்டுகளாகப் பிறருடைய வள்ளத்திலே பங்குக்குத் தொழில் செய்து, இனியாவது சொந்தமாக ஒன்று வேண்டும் என்று ஆசைப்பட்டான். புதிய கண்ணாடியிழைப் படகு வாங்க அவனிடம் வசதியில்லை. காரைநகரில் ஒரு வீட்டு வளவிலே 14 அடி நீளமான மரவள்ளம் ஒன்று விலைக்கு நிற்பதாகக் கேள்விப்பட்டு, முற்பணம் கொடுக்கவும் ஆயத்தமாகிவிட்டான்.

தமக்கையார் மறித்தார். அத்தானைக் கடல் கொண்டு இருபது ஆண்டுகளுக்கு மேலாகிறது. ஓட்டை விழுந்த பழைய வள்ளம் ஒன்றில், நல்லதென்று யாரோ சொன்ன சொல்லை நம்பிப் போனவர் அவர். “தம்பி, நீ போய்ப் பார்த்துச் சொல். நீ சரியென்று சொன்னால் நான் காசு எடுத்துத் தருவேன்” என்றார். நாமோ பள்ளிக்கூடத்தில் கணக்குப் படிப்பித்து இளைப்பாறியவர்கள். எம் சொல்லில் ஓர் உயிர் தங்கியிருக்கிறது என்று எண்ணியபோது நெஞ்சு கனத்தது.

ஆகவே, ஊரில் முதியவரான மேத்திரியார் ஒருவரைத் துணைக்கு அழைத்தோம். இளமையில் வள்ளம் கட்டியவர். எழுபத்தெட்டு வயதிலும் கண் கூர்மை குன்றாதவர். ஒரு சிறு சுத்தியல், பேனாக்கத்தி, ஒரு நூற்பந்து, ஒரு கைவிளக்கு ஆகியவற்றைப் பையில் இட்டுக்கொண்டு அவர் புறப்பட்டார். ஊர்காவற்றுறையில் பாதை ஏறிக் காரைநகர்க் கரையை அடைந்தோம்.

வள்ளத்தின் சொந்தக்காரர் அரசாங்க அலுவலகம் ஒன்றில் எழுதுவினைஞராக இருந்து ஓய்வு பெற்றவர். 2020ஆம் ஆண்டு ஊரடங்குக் காலத்தில் பொழுது போகாமல் தொடங்கிய வேலையாம். மாமரத்தின் கீழே, தம் கையாலேயே ஏரா வைத்து, வங்குகள் எனப்படும் விலாமரங்களைப் பொருத்தி, பலகை அடித்து, 2022ஆம் ஆண்டில் முடித்தாராம். பேரப்பிள்ளையை ஏற்றிக் கரையோரம் உலாவிவர எண்ணியிருந்தார். மகன் குடும்பத்தோடு கனடா சென்றுவிட, சில தடவை மட்டும் கடல் கண்ட வள்ளம் வளவிலே தங்கிவிட்டது. நாம் சென்றபோது புது நீலவர்ணம் மின்ன, கண்ணுக்கு அழகாக நின்றது. மருமகனின் முகம் மலர்ந்ததைக் கண்டோம். எமக்கும் அது பிடித்துப்போயிற்று.

வள்ளத்துக்காரர் பெருமையோடு, “வல்வெட்டித்துறை ஆட்கள் கட்டிய அன்னபூரணி 1938இல் அமெரிக்கா போய்ச் சேர்ந்தது. எங்கள் ஆட்களின் கைக்கு மரவேலை தெரியாததில்லை” என்றார். உண்மைதான். வல்வெட்டித்துறையிற் கட்டப்பட்ட அப்பாய்க்கப்பல் அவ்வாண்டு மசசூசெற்ஸ் மாநிலத்துக் குளோஸ்டர் துறைமுகத்தை அடைந்தது வரலாறு. மேத்திரியார் தலையசைத்தார், ஆனால் வர்ணத்தை அவர் பார்க்கவில்லை. “புதுப் பெயின்ற்றைக் கண்டால் ஒரு மடங்கு சந்தோசப்படு, இரண்டு மடங்கு சந்தேகப்படு” என்று எம் காதோடு சொன்னார்.

முதலில் அவர் கடையார்ப் பக்கம் நின்று, ஒரு கண்ணை மூடி, ஏரா நெடுகிலும் நோக்கினார். பிறகு அணியத்திலிருந்து கடையார்வரை நூலை இழுத்துக் கட்டி, நூலுக்கும் ஏராவுக்கும் இடையே எங்கேனும் வளைவு உண்டா என்று பார்த்தார். ஏரா நடுவில் மேலெழுந்து இரு முனையும் தாழ்ந்திருந்தால் வள்ளத்தின் முதுகெலும்பு தளர்ந்துவிட்டது என்று பொருளாம். இது நேராகவே இருந்தது. இரு பக்கமும் ஒத்த வளைவாகவும் இருந்தன. “கை நல்ல கை” என்றார் மேத்திரியார். வள்ளத்துக்காரர் சிரித்தார்.

அடுத்துச் சுத்தியலால் பலகை பலகையாகத் தட்டிக்கொண்டு வந்தார். நல்ல மரம் கணீரென்று ஒலிக்கும். உளுத்த மரம் ஈரத் துணியைத் தட்டினாற்போல மந்தமாக ஒலிக்கும். வயிற்றுப் பாகம் முழுவதும் கணீரென்றே ஒலித்தது. அணியத்தை அண்டியபோது ஓசை மாறிற்று. ஒன்றும் பேசாமற் கத்திமுனையை அங்கே வைத்து மெல்ல அழுத்தினார். நீலவர்ணம் கிழிந்தது, கத்தி அரை அங்குலம் உள்ளே போயிற்று.

“மழைத்தண்ணி” என்றார்.

மரக்கலத்தை உப்புநீர் உளுக்கச் செய்வதில்லை. நன்னீரே உளுக்கச் செய்கிறது என்பதை அன்றுதான் அறிந்தோம். மாரி மழை மூடாத வள்ளத்தின் மூலைகளிலே தேங்கி நின்று, காற்றோட்டமில்லாத இடத்தில் பூஞ்சணம் பிடித்து, பலகையை உள்ளிருந்து தின்றுவிடுகிறது. கடலில் வேறொரு பகைவன் உண்டு, அது கப்பற்புழு. பெயரிற் புழுவாயினும் அது சிப்பியினத்தைச் சேர்ந்தது. ஊசிமுனை அளவான துளையால் நுழைந்து, மரத்தினுள்ளே விரலளவு சுரங்கம் தோண்டுவது. நெடுநாள் நீரிற் கிடந்த வள்ளமாயின் ஏராவின் அடிப்பக்கத்தைக் கைவிளக்கோடு குனிந்து பார்க்க வேண்டும் என்றார் மேத்திரியார். இதில் அந்தத் துளைகள் இல்லை.

பின்னர் ஆணிகளைப் பார்த்தார். பலகைகள் துத்தநாகம் பூசிய ஆணிகளாலே அடிக்கப்பட்டிருந்தன. ஆனால் வலப்பக்கத்து மேல்வரிசை ஒன்றில் மட்டும், உட்புறத்தே ஆணித்தலைகளைச் சுற்றிக் கரிய வளையங்கள் தோன்றின. வெறும் இரும்பாணிகள். இரும்பு துருப்பிடிக்கும்போது ஆணி மெலிகிறது. அதனைச் சுற்றியுள்ள மரமும் கறுத்து நொய்ந்து போகிறது. பிடிப்பவனும் தளர்ந்து, பிடிக்கப்பட்டவனும் தளர்ந்தால் அலையடியில் அப்பலகை எத்தனை நாள் நிற்கும்?

வள்ளத்துக்காரர் தலைகுனிந்தார். 2022ஆம் ஆண்டில் கடைகளிற் பொருள் தட்டுப்பட்டு விலையும் ஏறியபோது நல்ல ஆணி கிடைக்கவில்லையாம். வேலையை நிறுத்த மனமின்றி வீட்டிலிருந்த இரும்பாணியால் அவ்வரிசையை முடித்தாராம். துருக்கறை வெளியே தெரிந்தபோது பார்க்கப் பொறாமல் வர்ணம் பூசினாராம்.

அவர் ஏமாற்றுக்காரர் அல்லர். தாம் கட்டிய வீட்டின் வெடிப்பைத் தாமே காணாதிருக்கும் மனிதர் போன்றவர். எனினும் கடல் மனிதருடைய எண்ணத்தைக் கேட்பதில்லை, பலகையையே கேட்கிறது. மருமகனோ, “மாமா, ஒரு பலகைதானே? விலையைக் குறைத்துக் கேட்டு வாங்கிவிடுவோம்” என்று எம் கையைப் பிடித்தான். நாமும் ஒரு கணம் தடுமாறினோம் என்பதை மறைக்க விரும்பவில்லை. விலையும் மலிவு, அவன் ஆசையும் பெரிது, முதியவர் முன்னே ‘வேண்டாம்’ என்று சொல்லவும் நா எழவில்லை.

அப்போது மேத்திரியார் கத்தியை மடக்கிப் பையில் வைத்துக்கொண்டு, அமைதியாக ஒரு கேள்வி கேட்டார்: “ஐயா, உங்கடை பேரப்பிள்ளை நாளைக்கு வந்து நின்றால், இதிலை ஏத்திக்கொண்டு கடலுக்குப் போவியளோ?”

வள்ளத்துக்காரர் சிறிது நேரம் பேசவில்லை. அணியத்துப் பலகையிலே கிழிந்த வர்ணத்தை விரலால் தடவினார். “இந்தப் பலகையோடை ஏத்தமாட்டன்” என்றார். பின்பு மருமகனைப் பார்த்து, “தம்பி, உமக்கும் தரமாட்டன். ஒரு மாதம் பொறும். பலகையை மாத்தி, ஆணியைக் கழற்றி அடித்துப்போட்டுச் சொல்லுறன். பிறகு வந்து பாரும்” என்றார்.

சொன்னபடியே செய்தார். மேத்திரியார் இரு தடவை சென்று வழி காட்டினார். உளுத்த பலகையை வெட்டி எடுத்தபோது அதன் பின்னாலிருந்த வங்கு ஒன்றும் நொய்ந்திருந்ததாம்; அதற்குப் பூவரசின் இயல்பான வளைவுள்ள கிளையொன்றைத் தேடிப் பொருத்தினார்களாம். பலகைப் பொருத்துகளிலே பஞ்சு திணித்து அடைக்கும் கலப்பற்று வேலையும் புதிதாக நடந்தது. ஒரு மாதத்தின் பின் நாமும் சென்றோம்.

இம்முறை தரையில் வைத்தே வள்ளத்தினுள் சில அங்குலம் நீர் ஊற்றி, வெளியே எங்கே கசிகிறது என்று பார்த்தோம். நிறைய ஊற்றலாகாது, கடலில் வெளிநீர் தாங்கும் பாரத்தைத் தரையிலே பலகைப் பொருத்துகள் மட்டும் தாங்க வேண்டியிருப்பதால் அவை பிளந்துவிடக்கூடும். இரண்டு இடத்தில் மட்டும் துளிர்த்தது. அங்கே அடையாளமிட்டு அடைத்தார்கள். பிறகு வள்ளத்தைக் கரையோர நீரிலே இரண்டு இரவு கட்டிவைத்தோம். நெடுநாள் காய்ந்த மரம் சுருங்கியிருக்கும். நீர் பட்டால் ஊறிப் பருத்துத் தன் இடைவெளியைத் தானே மூடிக்கொள்ளும். முதல் நாட்காலையில் கணுக்காலளவு நீர் நின்றது. அதை இறைத்துவிட்டோம். மறுநாள் விரற்கடை அளவே கண்டோம். மூன்றாம் நாள் ஒரு சிரட்டையால் அள்ளி முடித்தோம். இரண்டு நாளின் பின்னும் நீர் குறையாதிருந்தால் அது மரத்தின் தாகமன்று, வள்ளத்தின் நோய்.

இவ்விடத்திலே எமது பழைய கணக்கும் சிறிது உதவிற்று. வள்ளத்தின் அடித்தட்டு ஏறக்குறைய 30 சதுர அடி. அதில் 2 அங்குல நீர் நின்றால் அது 5 கன அடி. ஒரு கன அடி நீர் 28 கிலோவுக்கு மேல். ஆகவே ஏறக்குறைய 140 கிலோ பாரம். இரண்டு ஆட்கள் ஏறியதற்குச் சமம். அந்த ஆட்களும் சும்மா இருப்பவர்கள் அல்லர். வள்ளம் எந்தப் பக்கம் சரிந்தாலும் அந்தப் பக்கமே ஓடுபவர்கள். ‘கொஞ்சத் தண்ணீர்தானே’ என்ற சொல் எத்தனை பொல்லாதது என்பதை மருமகனுக்கு மணலில் எழுதிக் காட்டினோம்.

இறுதியாகப் பாரம் பார்த்தோம். மணல் நிரப்பிய மூடைகளை வலைக்கும் இயந்திரத்துக்கும் ஈடாக வைத்து, இருவர் ஏறினார்கள். விளிம்பு நீருக்கு மேலே ஒன்றரைச் சாண் நின்றது. இருவரும் ஒரே பக்கம் சாய்ந்தபோது வள்ளம் சரிந்து, பின் தானே நிமிர்ந்தது. மூன்றாவது ஆள் ஏறிச் சாய்ந்ததும் விளிம்பு நீருக்கு நான்கு விரல் அண்மையில் வந்துவிட்டது. மேத்திரியார் தீர்ப்புச் சொன்னார்: “தொழிலுக்கு இரண்டு பேர். பரவைக்கடலுக்குள் மட்டும். சோளகம் இரைகிற நாளில் கரையை விட்டு அசையப்படாது. நெடுந்தீவுக்கு அப்பால் இதைக் கொண்டுபோகிறவன் என் முகத்தில் முழிக்கப்படாது.”

வள்ளம் நல்லதா கெட்டதா என்ற கேள்வியே பிழையானது என்று அப்போது விளங்கியது. எந்த நீருக்கு, எத்தனை பேருக்கு, எந்தக் காற்றுக்கு என்று சேர்த்துக் கேட்டால்தான் அதற்கு விடை உண்டு. யாழ்ப்பாணப் பரவைக்கடல் பெரும்பாலும் ஆழம் குறைந்தது. பல இடங்களில் மரக்கோல் ஊன்றித் தாங்கியே போகலாம். அங்கே போதுமான வள்ளம் பெருங்கடலிற் போதாது.

காசு கைமாறியது. மீன்பிடி வள்ளங்கள் 1996ஆம் ஆண்டின் கடற்றொழில் சட்டப்படி பதியப்பட வேண்டியவை; அதற்குரிய பத்திரங்களை எழுதுவினைஞராக இருந்தவரே ஒழுங்காக நிரப்பித் தந்தார். வள்ளம் ஏன் இந்த விலைக்குக் கொடுக்கப்படுகிறது என்பதற்கான காரணத்தையும் ஒரு தாளில் எழுதிக் கையொப்பமிட்டார்: எந்தப் பலகை மாற்றப்பட்டது, எந்த வரிசை ஆணி புதியது, எத்தனை பேர் ஏறலாம் என்றெல்லாம். அப்படியொரு விற்பனைச் சீட்டை நாம் அதற்கு முன் கண்டதில்லை.

வள்ளத்தை வேலணைக்குக் கொண்டுபோக உழவு இயந்திரம் ஒன்றைப் பேசலாம் என்றோம். தமக்கையார் தொலைபேசியிலே ஒன்றே கேட்டார்: “தம்பி, நீ அதில் ஏறி வருவாயா?”

அது மேத்திரியாரின் கேள்வியே. எமக்கு நீந்தத் தெரியாது. ஆயினும் மழுப்ப இடமில்லை. உயிர்காப்பு அங்கி அணிந்து, காற்று அடங்கிய அதிகாலையில் மருமகனோடு நாம் அவ்வள்ளத்தில் ஏறினோம். தீவின் வடகரையை ஒட்டி மெல்ல வந்தோம். வழி நெடுகிலும் எம் கண் அணியத்துப் பலகையிலேயே இருந்தது. காலடியிலே நீர் சேரவில்லை.

வேலணைக் கரையில் தமக்கையார் நின்றார். வள்ளம் தரை தட்டியதும் அவர் எம்மையோ மகனையோ பார்க்கவில்லை. குனிந்து, வள்ளத்தின் உள்ளே கையை விட்டு, அடித்தட்டைத் தடவிப் பார்த்தார். கை காய்ந்திருந்தது. அதன் பின்பே, “வாருங்கோ, தேத்தண்ணி குடிப்பம்” என்றார்.

வீட்டிற் செய்த வள்ளம் வாங்க நினைக்கும் வாசகர்களுக்கு எமது சிறு அனுபவத்திலிருந்து சொல்லக்கூடியது இதுவே. சுத்தியலும் கத்தியும் நூலும் கொண்டு செல்லுங்கள். அவற்றைப் பிடிக்கத் தெரிந்த ஒருவரையும் அழைத்துச் செல்லுங்கள். கத்திமுனை வைக்க விடாதவரிடம் வாங்காதீர்கள். இரண்டு இரவு நீரில் கட்டிவைக்கப் பொறுமையில்லாவிட்டால், வாங்கும் எண்ணத்தையே கைவிடுங்கள். எல்லாம் பார்த்து முடிந்த பின், விற்பவரிடமும் உங்களிடமும் அந்த ஒரு கேள்வியைக் கேளுங்கள்: இதில் எம் பிள்ளையை ஏற்றுவோமா?